வெந்நீரின் வரவை உப்பின் பேரில் எழுத வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எப்சம் உப்பைக் கரைத்த வெந்நீரில் ஊறும் மெக்னீசியம் குளியல் பற்றித் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தோம். மன அழுத்தம் தணியும், இறுகிய தசை தளரும், தூக்கம் சீக்கிரம் வரும் என்று அதில் சொன்னதெல்லாம் சரி. ‘தோல் வழியாக மெக்னீசியம் உடம்பில் ஏறுகிறது, ஆகவே மாத்திரை தேவையில்லை’ என்றதும், ‘ஒரு கிலோ உப்பைச் சுடுநீரில் கரைத்து முக்கால் மணி நேரம் இருங்கள்’ என்றதும் சரியல்ல. இரண்டாவது யோசனை சிலருக்கு ஆபத்தும்கூட. காரைக்குடி வட்டாரத்தில் இயன்முறை மருத்துவமும் மருந்துக்கடைப் பணியும் பார்க்கிறவர்கள் என்பதால் இந்தக் கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

எப்சம் உப்பு என்று இன்று பளபளப்பான டப்பாவில் வருவது வேறொன்றுமில்லை, நம் ஊரில் பேதி உப்பு என்று பழைய தலைமுறை அறிந்திருந்த அதே மெக்னீசியம் சல்பேட்தான். இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரின் கசப்பு ஊற்றிலிருந்து எடுத்ததால் அந்தப் பெயர். நெகமையா குரூ என்ற மருத்துவர் 1695-இலேயே இந்த உப்பைப் பற்றி நூல் எழுதியிருக்கிறார். படிகத்தில் பாதிக்கு மேல் நீர்தான். எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடு மட்டுமே மெக்னீசியம். இந்துப்பு வேறு, இது வேறு. இந்துப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பின் உறவு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய.

முதலில் அந்தத் தோல் விஷயத்தைப் பேசிவிடுவோம். பேறுகாலத்தில் ரத்தக்கொதிப்பு ஏறி வலிப்பு வரும் தாய்மார்களுக்கு மருத்துவமனையில் போடும் ஊசி இதே மெக்னீசியம் சல்பேட். வழக்கமான ஒரு முறையில் தொடக்க அளவு 14 கிராம்: 4 கிராம் நரம்பிலும், மீதி 10 கிராம் இடுப்பின் இரு பக்கமும். அதைப் போட்ட பிறகு செவிலியர் சும்மா இருப்பதில்லை. முழங்காலைத் தட்டி அனிச்சைத் துள்ளல் இருக்கிறதா என்று பார்ப்பார், மூச்சை எண்ணுவார், சிறுநீர் எவ்வளவு போகிறது என்று அளப்பார். அளவு மிஞ்சினால் மூச்சு நின்றுவிடும். மாற்று மருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட் பக்கத்திலேயே இருக்கும். இப்போது கணக்குப் பாருங்கள். ஒரு வாளி வெந்நீரில் நாம் போடுவது 150 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு தோல் வழியே போனாலும் 15 கிராம், அந்த ஊசி அளவைத் தாண்டிவிடும். கால் நனைத்து எழுந்த எவருக்கும் முழங்கால் துள்ளல் நின்றுபோவதில்லை. உப்பு வெளியிலேயே நிற்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. தண்ணீரில் கரைந்த மெக்னீசியம் அயனி ஒவ்வொன்றும் ஆறு நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டு நிற்கும். தோலின் மேலடுக்கோ கொழுப்பால் பூசி அடைத்த சுவர். 2017-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வும் தோல் வழி மெக்னீசியத்துக்குப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது.

அப்படியானால் அந்தச் சுகம் பொய்யா? இல்லை. அது வெந்நீர் தரும் சுகம். வரவு முழுவதையும் உப்பின் பேரில் எழுதிவிடுகிறோம், அவ்வளவுதான். இரவில் தூக்கம் வருவதற்கு உடம்பின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். பாதத்தையும் கையையும் வெதுவெதுப்பாக்கினால் அங்குள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து உள்ளிருக்கும் சூட்டை வெளியே கொண்டுவந்து கொட்டும். பாதம் சூடாக இருப்பவர்களுக்குத் தூக்கம் விரைவில் வருகிறது என்பதைச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 1999-இலேயே காட்டினார்கள். 2019-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தினர் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், 40 முதல் 42.5 டிகிரி செல்சியஸ் நீரில் படுக்கைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பாகக் குளித்தால், பத்து நிமிடக் குளியலேகூட, கண்ணயர ஆகும் நேரத்தைச் சராசரியாக 10 நிமிடம் குறைக்கிறது என்று தெரிந்தது. உப்பு இல்லாத வெறும் வெந்நீரிலேயே இந்தப் பலன் கிடைக்கும்.

உப்புக்கு வேலையே இல்லை என்றும் சொல்ல மாட்டோம். மெக்னீசியம் மிகுந்த சாக்கடல் உப்பை 5 விழுக்காடு கரைத்த நீரில் வறண்ட தோலுடையவர்களின் ஒரு கையையும், மறு கையை வெறும் குழாய் நீரிலும் 15 நிமிடம் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2005-இல் வந்தது. உப்பு நீரில் இருந்த கையின் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்தது, சிவப்பும் சொரசொரப்பும் குறைந்தன. அது தோலின் மேல் நடக்கும் நன்மை. அதோடு, உப்பை அளந்து, கரைத்து, உட்கார்ந்து, இருபது நிமிடம் எதையும் செய்யாமல் இருப்பது ஒரு சடங்கு மாதிரி ஆகிவிடுகிறது. மனத்துக்கு அதுவும் மருந்துதான். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலில் நம் ஆச்சிமார் கண்ட சுகத்தில் பாதி அந்த நிதானம்தானே!

இனி செய்முறை. தொட்டி நம் வீடுகளுக்குத் தேவையில்லை. ஒரு முழுத் தொட்டிக்கு 150 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். ஊருணி வெட்டி மழைநீரைச் சேர்த்து வாழ்ந்த சீமை இது. கணுக்காலுக்கு மேல் நனைய 10 லிட்டர் போதும், பலனும் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அகலமான பிளாஸ்டிக் டப்பும் எவர்சில்வர் பேசினும் நல்லது. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பழைய எனாமல் பேசினும் ஆகும், பூச்சு உதிர்ந்த இடம் இல்லாதவரை. உதிர்ந்திருந்தால் ஒரே வாரத்தில் துருக் கறை தெரியும். செம்பு, பித்தளை அண்டாவில் இந்த உப்பைக் கரைக்க வேண்டாம். வெந்நீரை அண்டாவில் காய்ச்சுங்கள், உப்பைக் காலடிப் பாத்திரத்தில் போடுங்கள். கீசரிலோ, வாட்டர் ஹீட்டர் கம்பி கிடக்கும் வாளியிலோ உப்புப் போடவே கூடாது. கம்பியில் உப்புப் படியும். கசிவு இருந்தால் உப்பு நீர் மின்சாரத்தை இன்னும் எளிதாகக் கடத்தும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கம்பியை வெளியே எடுத்த பிறகே வாளியைத் தொட வேண்டும்.

சூடு சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. 40 டிகிரி வேண்டும். வெப்பமானி இல்லாதவர்களுக்குக் கலவைக் கணக்கு இது: குழாய்த் தண்ணீர் 30 டிகிரி இருக்கும் நாட்களில் எட்டரை லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு ஒன்றரை லிட்டர் கொதிநீர். மார்கழிக் குளிரில் தண்ணீர் 25 டிகிரிக்கு இறங்கியிருந்தால் எட்டுக்கு இரண்டு. எப்போதும் பச்சைத் தண்ணீர் முதலில், கொதிநீர் பின்னால். மாற்றி ஊற்றினால், பச்சைத் தண்ணீர் சேர்வதற்குள் யாராவது கால் வைத்துவிட்டால் வெந்துவிடும். நன்றாகக் கலக்கிவிட்டு முழங்கையை விட்டுப் பாருங்கள், உள்ளங்கை சூட்டுக்குப் பழகியது, ஏமாற்றும். கீசரிலிருந்து வரும் 60 டிகிரி நீர் ஐந்தே வினாடியில் தோலை வேகவைத்துவிடும். சித்திரை வைகாசியில் மாடித் தொட்டித் தண்ணீர் பிற்பகலில் தானாகவே 40 டிகிரியைத் தொடும், அப்போது அடுப்பே மூட்ட வேண்டாம்.

உப்பு 150 கிராம். 200 மில்லி டம்ளரில் முக்கால் டம்ளர் ஏறத்தாழ அந்த எடை வரும். கரைத்தபின் லிட்டருக்கு ஒன்றரை கிராம் மெக்னீசியம் நிற்கும். தொண்டிக் கடலில் கால் நனைத்தால் அங்கும் லிட்டருக்கு 1.3 கிராம் இருக்கிறது. ஆகவே இது ஏதோ அரிய திரவம் அல்ல, கடலின் அளவுதான். இதற்கு மேல் கிலோக் கணக்கில் கொட்டுவதால் காலில் வழவழப்பும், காய்ந்தபின் அரிப்பும்தான் கூடும். உப்பை ஒரு சொம்பு சுடுநீரில் தனியாகக் கரைத்து ஊற்றுங்கள். படிகத்தை நேரே போட்டால் அடியில் தங்கிப் பாதத்தை உறுத்தும்.

சோப்பு இந்த நீரோடு ஒத்துப்போகாது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். 150 கிராம் உப்புக் கரைத்த நம் பேசினில் அது 6,000 மில்லிகிராமுக்கு மேல். நுரையே வராது, சோப்பு திரிந்து வெள்ளைப் பிசுக்காகத் தோலில் ஒட்டும். ‘குளித்தபின் உடம்பெல்லாம் பிசுபிசுக்கிறது, உப்பில் கலப்படமோ’ என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். சோப்புப் போட்டு அலசி முடித்துவிட்டு அதன்பின் காலை வையுங்கள். சீயக்காய் தேய்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சீயக்காயில் நுரைப்பது வேறு பொருள், கடின நீரில் சோப்பைப்போல் திரியாது. வாசனைக்கு லாவண்டர் எண்ணெயைச் சொட்டு விடுகிறார்கள். அது நீரில் கரையாமல் மேலே மிதந்து தோலைப் பிடித்து எரிக்கும். கொதிநீரில் ஒரு பிடி வெட்டிவேரைப் பத்து நிமிடம் போட்டு வடித்து ஊற்றினால் மணமும் வரும், எரிச்சலும் இராது.

இருபது நிமிடம் போதும். நடுவில் நீர் ஆறிவிட்டால் காலை வெளியே எடுத்துவிட்டு அரை லிட்டர் சுடுநீர் சேர்த்துக் கலக்கி, மறுபடி முழங்கையால் பார்த்து வைக்கலாம். கால் உள்ளே இருக்கும்போது ஊற்றுவதால்தான் கொப்புளங்கள் வருகின்றன. கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். மூச்சை நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். முடிந்ததும் ஒரு செம்பு நல்ல தண்ணீரில் காலை அலசி, விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி எடுத்து, குதிகாலில் மட்டும் தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவுங்கள். விரலிடுக்கில் எண்ணெய் வேண்டாம், ஈரம் தங்கி சேற்றுப்புண் வரும். எழுந்ததும் வேகமாக நடக்க வேண்டாம். ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெந்நீரும் குழாய்களை விரிப்பதால் தலை சுற்றும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதுமானது.

செய்யும் நேரமும் முக்கியம். பத்து மணிக்குப் படுப்பவர் எட்டரை மணிக்குக் காலை வைக்கட்டும். படுக்கப்போகும் நிமிடத்தில் செய்தால் சூடு இறங்குவதற்குள் படுத்து, புழுக்கத்தில் புரள வேண்டியிருக்கும். கத்திரி வெயில் நாட்களில் நம் பகுதியில் இரவிலும் உடம்பு அனலாக இருக்கும். அப்போது 34, 35 டிகிரி நீரே நல்லது.

செட்டிநாட்டுக்கென்றே ஒரு எச்சரிக்கை. ஆத்தங்குடிக் கல் பதித்த வளவு, பட்டாலை போன்ற வீட்டின் உட்பகுதிகளில் இந்தப் பேசினை வைக்காதீர்கள். அந்தக் கல் கண்ணாடியின் மேல் நிறச் சாந்தை வார்த்து, மேலே மணலும் சிமென்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. சுட்ட ஓடு அல்ல. சிமென்டுக்கு மெக்னீசியம் சல்பேட் கடும் பகை: அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து ஜிப்சமாக மாறி, கட்டிப் பிடித்திருக்கும் பசையையே தளர்த்திவிடும். ஒருநாள் சிந்தினால் ஒன்றும் ஆகாது. தினம் சிந்தித் துடைக்காமல் விட்டால் முதலில் கல்லின் இணைப்புகளில் வெள்ளையாகப் பூக்கும், பிறகு நிறம் மங்கும், பிறகு மேல் தோல் பொடியாக உதிரும். பூத்த வெள்ளையைச் சிலர் ஆசிட் ஊற்றித் தேய்க்கிறார்கள், அதோடு கல்லின் ஆயுள் முடிந்தது. சுண்ணாம்புப் பூச்சுச் சுவரோரமும் அப்படித்தான். கருங்கல் பாவிய பின்கட்டு இருக்கிறதே, அங்கே வையுங்கள். மரபு இல்லங்களை விடுதியாக நடத்துகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். தொட்டி நீர் வெளியேறும் இடத்தைச் சுற்றியுள்ள கல்தான் முதலில் போகும்.

உப்பு வாங்கும் இடமும் முக்கியம். உரக்கடையில் மூட்டையாக விற்கும் மெக்னீசியம் சல்பேட் மலிவு. அது பயிருக்கு உரியது, உடம்புக்கு என்று சுத்தம் செய்தது அல்ல. அதே கடையில் துத்தநாக சல்பேட்டும் இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைப் படிகங்கள், கண்ணால் பிரித்தறிய முடியாது. மருந்துக்கடையில் ‘மெக்னீசியம் சல்பேட் ஐ.பி.’ (இந்திய மருந்துத் தரநூலின்படி) என்று அச்சிட்ட பொட்டலமாக வாங்குங்கள். ‘மெக்னீசியம் எண்ணெய்’ என்று புட்டியில் வருவது எண்ணெயே அல்ல, மெக்னீசியம் குளோரைடு கரைசல். சிரைத்த தோலிலும் கீறலிலும் பட்டால் பளீரென்று எரியும். வாங்கிய உப்பை இறுக மூடி, பெயர் எழுதி, அடுப்படிக்கு வெளியே வையுங்கள். ஊறுகாய் ஜாடி வரிசையில் வைத்த பேதி உப்பு சாம்பாருக்குள் போக ஒரு அவசரமான காலைப்பொழுது போதும். குழந்தை அள்ளித் தின்றால் வயிற்றுப்போக்கோடு நிற்காது. சிறுநீரகம் பழுதானவர்கள் இதை வாயில் வைக்கவே கூடாது, மெக்னீசியத்தை வெளியேற்றும் வழி அவர்களுக்கு அடைபட்டிருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் பேதிக்கும் குடிக்க வேண்டாம்.

உடம்புக்கு மெக்னீசியம் வேண்டுமென்றால் அது சாப்பாட்டில் வர வேண்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் அளவில் தேவை. கேழ்வரகு 100 கிராமில் 140 மில்லிகிராம் போல இருக்கிறது. எள், நிலக்கடலை, உளுந்து, முந்திரி, கீரை எல்லாவற்றிலும் தாராளம். தீட்டிய வெள்ளை அரிசியில் தவிட்டோடு பெரும்பகுதி போய்விடுகிறது. நம் விருந்துகளில் இனிப்பாக மட்டும் தலைகாட்டும் கவுனி அரிசி தவிடு நீக்காதது, அதை வாரம் இருமுறை காலைச் சாப்பாடாக்கலாம். உளுந்தும் பாசிப்பருப்பும் வறுத்து அரைத்துக் கிண்டும் கும்மாயமும் ஆடிக்கு மட்டும் உரியதல்ல.

இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்று இந்த உப்பைத் தேடி வருகிறவர்களில் சிலருக்கு உண்மையிலேயே ரத்தத்தில் மெக்னீசியம் குறைந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் அமில மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள், குடிப்பழக்கம் உடையவர்கள் இந்தக் கூட்டத்தில் வருவார்கள். பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளால் மெக்னீசியம் குறையக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2011-இலேயே எச்சரித்தது. இவர்களுக்குத் தேவை ரத்தப் பரிசோதனையும் மருத்துவரின் முடிவும். பேசினில் கால் வைத்து நாளைக் கடத்தினால் குறை அப்படியே இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்பவர்களுக்கும் இதையே சொல்வோம். டெலிமனாஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம்.

கடைசியாக, தங்கள் குறிப்பில் ஒரு வரிகூட இல்லாத விஷயம். நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு சொன்னது. சர்க்கரையால் பாத நரம்பு மரத்தவர்களுக்கு 40 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் வேறுபாடு தெரியாது. வலிக்காமலே வெந்து, மறுநாள் துணியில் ஈரம் கண்டுதான் கொப்புளம் தெரியவரும். வெகுநேரம் ஊறிய தோல் பின்னர் வறண்டு வெடிக்கும், அந்த வெடிப்பு புண்ணாகும், புண் ஆற மாதங்கள் ஆகும். ஆகவே சர்க்கரை நோயாளிகள் பாதத்தை ஊறவைக்கும் வழக்கமே வேண்டாம். மருத்துவமனையில் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பார்கள், ஆண்டுக்கு ஒருமுறை அதைச் செய்துகொள்ள வேண்டும். காலில் புண், நரம்புச் சுருட்டல், ரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

மெக்னீசியம் குளியல் பற்றி அடுத்து எப்போது வெளியிட்டாலும் சர்க்கரை நோயாளிகளுக்கான எச்சரிக்கையை முதல் பத்தியிலேயே, தடித்த எழுத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர், மருந்தாளுநர் இருவர்
காரைக்குடி